காற்றை அளந்த மலை

திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாக மலையேறும் பேருந்து போனக்காட்டில் நின்றுவிடும். தமிழகத்தை விட்டுப் பணிமாறுதலில் வந்த நான், விடுமுறை நாளொன்றில் என் மாணவர் சிலருடன் அங்குச் சென்றேன். அவர்களுள் சிலரின் தாத்தாவும் பாட்டியும் அத்தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள்.

எதிரே 1,868 மீட்டர் உயர அகத்தியமலை. பள்ளத்தாக்கில் மூடுபனி நிரம்பியிருந்ததால், அதன் உச்சி கடல் நடுவே நிற்கும் தீவுபோல் காட்சியளித்தது.

"ஐயா, அந்த உச்சியில் என்ன இருக்கிறது?" என்று மாணவி ஒருத்தி வினவினாள்.

"இன்று அகத்தியர் சிலை இருக்கிறது, முன்பு ஓர் ஆய்வகமும் இருந்தது" என்றேன்.

மன்னர் சுவாதித் திருநாள் 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் ஒன்றை நிறுவினார். 1852இல் அதன் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் ஆலன் பிரௌன், நகரத்து அளவுகள் மட்டும் போதா என எண்ணினார். யானைகள் உலவும் காட்டினூடே கருவிகள் மேலே சென்றன. 1855 அளவில் உச்சியில் ஆய்வகம் எழுந்தது. காற்றழுத்தம், வெப்பம், புவிக்காந்தம் ஆகியவை அங்கு அளக்கப்பட்டன.

அவ்வளவு உயரம் ஏறுவானேன்? அங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நீர் ஏறக்குறைய 94 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். கீழும் மேலும் ஒரே வேளையில் அளந்தால்தான், ஒரு மாற்றம் உயரத்தால் விளைந்ததா, பொழுதால் விளைந்ததா எனப் பிரித்தறிய இயலும்.

இன்றும் அறிவியல் இவ்வாறே நடைபெறுகிறது. போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 138 கிலோமீட்டர் தொலைவில், மக்கள் வாழாத பாரன் தீவு உள்ளது. நெடுங்காலம் உறங்கி 1991இல் மீண்டும் விழித்த எரிமலை அது. எரிமலை வாயுக்களை ஆய்வோர், காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவையில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை வைத்து, வாயு வெளிவரும் பிளவில் குழாயைச் செருகித் திறப்பர். கரியமில வாயுவும் கந்தக வாயுக்களும் கரைசலில் கலந்துவிடும். ஏனையவை மேலே தங்கும். அவற்றின் விகித மாற்றம், அடியில் பாறைக்குழம்பு மேலெழுவதை உணர்த்தக்கூடும். செயற்கைக்கோள் தொலைவிலிருந்து புகையைக் காணும். குடுவையை நிரப்பவோ மனிதர் அங்குச் சென்றாக வேண்டும்.

அன்று மாலை, அம்மாணவியின் பாட்டியை லயத்து வீட்டில் கண்டோம். பனி எந்தப் பக்கம் இறங்கினால் மழை வரும், எந்தக் காற்றுக்குக் கொழுந்து கருகும் என்று விரல்விட்டு எண்ணிக் கூறினார். நாற்பது ஆண்டுகள் மலையைப் பார்த்தே பெற்ற அறிவு அது.

"இவற்றை எங்கேனும் எழுதி வைத்திருக்கிறீர்களா, பாட்டி?" என்றேன்.

"நமக்கு எழுத்து எங்கே தெரியும், சார்?" என்று சிரித்தார்.

பிரௌன் எழுப்பிய ஆய்வகம் மலையுச்சியில் இன்று இல்லை. அவர் குறித்த அளவுகளோ 1874இல் நூலாக வெளிவந்ததால் நிலைத்தன. பாட்டியின் அறிவு அவர் நாவில் மட்டுமே இருக்கிறது. அதுவும் தமிழில் இருக்கிறது. அதைக் கேட்டு அறியவும் எழுதி வைக்கவும் வல்லவர் அந்த வீட்டில் பேத்தி ஒருத்திதான்.

இப்போது அவள் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். பாட்டி கூறுவது ஒரு பக்கம். மழைமானியில் தான் கண்ட அளவு மறுபக்கம். இரண்டும் ஒத்துப்போகும் நாள்களுக்கு அடியில் ஒரு கோடு இடுகிறாள்.