இரண்டடிக் கன்றுக்கு எவ்வளவு இடம்?

திருவருகைக் காலம் தொடங்கியதும், நாற்றுப் பண்ணைகளின் வாயில்களில் அடுக்கடுக்கான கிளைகளோடு சிறு கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. கிறிஸ்துமஸ் மரம் என்று நாம் அழைக்கும் இந்தப் பசுமை மாறாத ஊசியிலை மரம், பனி பொழியும் ஐரோப்பாவுக்கு உரியதன்று. அரௌக்கேரியா என்னும் இனத்தைச் சேர்ந்த இதன் தாயகம் பசிபிக் பெருங்கடலின் தீவுகள். 1774-ஆம் ஆண்டு நார்ஃபோக் தீவை அடைந்த கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக், இதன் நேரிய அடிமரத்தைக் கண்டு, பாய்மரத்துக்கு ஆகும் என எண்ணினார். அம்மண்ணில் இது 50 மீட்டருக்கும் மேல் உயர்கிறது.

விழா முடிந்தபின், "சாமி, இதை வாசலருகே நட்டுவிடலாமா?" என்று பங்கு மக்கள் என்னிடம் கேட்பதுண்டு. "சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி?" என்பதே என் மறுவினா. குறைந்தது 20 அடி வேண்டும். நல்ல வெயிலும், நீர் தேங்காத மண்ணும் வேண்டும். மேலே மின்கம்பி செல்லலாகாது.

இத்துணைக் கண்டிப்பு ஏன்? வேம்பும் புங்கமும் வெட்ட வெட்டத் தழைக்கும். இம்மரமோ அவ்வாறன்று. நுனிக்குருத்தை வெட்டினால் பழைய வடிவம் திரும்புவதில்லை. உதிர்ந்த அடிக்கிளைகள் மீண்டும் துளிர்ப்பதில்லை. பக்கக் கிளையை வெட்டி நட்டு, அது வேர்விட்டாலும், நிமிர்ந்து நிற்காது, கிடையாகவே படரும்.

எம் பங்கில் ஒரு தந்தை, மகளின் புதுநன்மை நாளன்று சுவரோரம் ஒரு கன்றை நட்டார். அவள் மணமாகிச் சென்ற பின்னர், மாடி எழுப்புவதற்காக அதை வெட்ட நேர்ந்தது. நான் சென்றபோது, வெட்டுண்ட அடிமரத்தின்மேல் கைவைத்து அமர்ந்திருந்தார். "மரத்தின்மேல் குற்றமில்லை, சாமி. அது வளர்ந்தது; நான்தான் வளர்ச்சியை நினைக்கவில்லை" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல்மொழி இல்லை, அருகில் அமர்ந்திருந்தேன்.

சிறு மனையில் வாழ்வோர் மனம் தளர வேண்டியதில்லை. தொட்டியிலேயே பல ஆண்டுகள் பேணலாம். வாரம் ஒருமுறை தொட்டியைச் சற்றே திருப்பி வைத்தால், வெளிச்சத்தை நாடி ஒருபுறம் சாயாது. தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்தால், பள்ளித் திடலுக்கோ கல்லறைத் தோட்டத்துக்கோ கொடுத்து மகிழலாம்.

தங்க இடமின்றித் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தையின் விழாவுக்காக வாங்கும் மரம் இது. கன்றின் இன்றைய அளவைப் பாராது, நம் பேரப்பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கப்போகும் உயரத்தை எண்ணி, முதலில் அதற்கு இடம் அளந்து வைப்போம்.