எண்ணும் நலமும்

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-ஆம் ஆண்டு முதல் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்கி வருகின்றது. வயலும் மலையும் சூழ்ந்த இப்பகுதியிலும் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழில் வேரூன்றிவிட்டது. அத்தொழில் செய்வோருள் நானும் ஒருவன். தென்காசியில் வேறொரு சிறிய அலுவலகத்தில் பணிபுரிந்தேன்.

ஒருமுறை குற்றாலத்து விடுதி ஒன்றிற்கு வாடகைக் கணக்கிடும் நிரலை எழுதினேன். நிரலின் தரத்தை அறியச் சில அளவைகள் உண்டு. வரிகளை எண்ணுவது ஒன்று. அமெரிக்கராகிய தாமஸ் மெக்கேப் 1976-இல் வகுத்த சிக்கலளவு மற்றொன்று. நிரற்பகுதியில், ‘இவ்வாறாயின் இது, இன்றேல் அது’ என வழி பிரியும் இடங்களை எண்ணி, ஒன்றைக் கூட்டினால் அவ்வளவு கிட்டும். அது பத்துக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது அவர் கருத்து. என் நிரற்பகுதியின் அளவோ 24!

அதனை மூன்று துண்டுகளாக வெட்டினேன். ஒவ்வொன்றும் பத்துக்குள் அடங்கிற்று. மனம் மகிழ்ந்தேன்.

சில திங்கள் கழிந்தன. விடுதிக் கணக்கர் வாடிய முகத்துடன் வந்தார். “ஐயா, சாரற்காலத்தின் கடைசி நாளில் வந்து மறுநாளும் தங்கியவர்களுக்கு, இரு நாளும் குறைந்த வாடகையே விழுந்திருக்கின்றது. குறைந்த தொகையை என் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள்” என்றார். நான் நாணித் தலைகுனிந்தேன்.

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் அன்று மாலை என்னைப் பேரருவிக்கு அழைத்துச் சென்றார். “தம்பி, மேலிருந்து விழும் நீர் இடையிலுள்ள பொங்குமாகடலில் வீழ்ந்து, வேகம் தணிந்து, பின்னர் வழிகின்றது. அதனாலன்றோ நாம் இதன் கீழ் நின்று நீராடுகிறோம்? மலையின் உயரத்தை மட்டும் அளந்தவன் இதனை அறிவானா? நீ எண்ணைத் தணித்தாய், குழப்பத்தைத் தணித்தாயில்லை” என்றார்.

மறுநாள் நிரலைத் திருத்தினேன். ஒவ்வொரு நாளுக்கும் உரிய வாடகையைத் தனித்தனியே கண்டு கூட்டுமாறு அமைத்தேன். பருவம் மாறும் நாள்களைக் கையால் கணக்கிட்டு ஒப்புநோக்கினேன். கணக்கர் இழந்த பணத்தையும் என் ஊதியத்திலிருந்து கொடுத்தேன்.

சிக்கலளவை இன்றும் நான் கைவிடவில்லை. எண் மிகுந்த இடத்தை முதலில் ஆராய்கிறேன்; எண் குறைந்த இடத்தையும் ஆராயாமல் விடுவதில்லை. பிழைபட்ட கணக்கால் வருந்துவோர் மனிதரே என்பதை அக்கணக்கரின் வாடிய முகம் எனக்கு என்றும் நினைவூட்டுகின்றது.