சேப்பாக்கத்து வாசலின்

பொங்கல் டெஸ்ட் நடக்கும் நாளில் எங்கள் ஊரில் வேலை நிற்காது, ரேடியோதான் உப்பளத்துக்கு வந்துவிடும். ஜனவரியில் மரக்காணத்து அளங்களில் உப்பு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை விட்டுப்போன தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளி வரப்பில் போட்டு, பாத்தியைக் காலால் மிதித்துத் தரையை இறுக்குகிற மாதம் அது. ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று மிதிப்பார்கள். வரப்பில் என் பெரியப்பாவின் டிரான்சிஸ்டர் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கும். திண்டிவனத்தில் போய்ப் படித்தவர் அவர் ஒருவர்தான். ஓவர் முடியும் இடைவெளியில் அவர் தமிழில் சொல்வதுதான் எல்லோருக்கும் வர்ணனை.

1977 பொங்கலுக்குச் சேப்பாக்கத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும். டெல்லியிலும் கல்கத்தாவிலும் தோற்றுவிட்டு வந்திருந்தோம். நமக்கு பிஷன் சிங் பேடி கேப்டன், அவர்களுக்கு டோனி கிரெய்க். அந்த ஆட்டத்தின் நடுவில்தான் அந்தச் செய்தி வந்தது. இங்கிலாந்தின் இடதுகை வேகப்பந்து வீச்சாளர் ஜான் லீவர் நெற்றியில் வாசலின் தடவிய துணிப்பட்டை ஒட்டிக்கொண்டு பந்து வீசியிருக்கிறார். அந்தப் பட்டை கழன்று நடுவர் ஜூடா ரூபன் கைக்கு வந்துவிட்டது. வியர்வை கண்ணில் இறங்காமல் இருக்கத்தான் பட்டை, யோசனை சொன்னது அணியின் பிசியோதெரபிஸ்ட் பெர்னார்ட் தாமஸ், பாப் வில்லிஸும் ஒட்டியிருந்தார் என்றது இங்கிலாந்து. பந்தின் ஒரு பக்கத்தைப் பளபளப்பாக வைத்துக்கொள்ளத்தான் அந்த வாசலின் என்றார் பேடி, பத்திரிகைக்காரர்கள் முன்னாலேயே.

பஸ்ஸில் வந்த தந்தியை டீக்கடையில் ஒருவர் உரக்கப் படித்ததும் வெடித்தது பாருங்கள். முதலில் வாயைத் திறந்தது பாத்தி மிதிக்கிற ஒரு மாமா. "வேர்வ கண்ணுல எறங்குனா இன்னா எரிச்சல்னு எனக்குத் தெரியாதா? நான் துண்டக் கட்டிக்கினுதான நிக்கிறேன். நெத்தில எண்ணெயத் தடவிக்கினா நிக்கிறேன்?" அதற்குமேல் யாராலும் பேச முடியவில்லை. உப்பளத்து வியர்வையைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் அந்த பெஞ்சில் இல்லை.

ஆனால் எங்கள் வீடுகளில் எண்ணெய்க்கும் பிசுக்குக்கும் வேறு வேலை இருந்தது. உப்புநீரில் நாள் முழுக்க நின்றால் குதிகால் வெடிக்கும், விரலிடுக்கு புண்ணாகும். ராத்திரி வேப்பெண்ணெய் தடவுவார்கள், கையில் காசு இருந்தால் வாசலின். என் பெரியம்மா லாந்தர் வெளிச்சத்தில் காலை மடித்து உட்கார்ந்து, வெடிப்புக்குள் விரலால் அதை அழுத்தி அழுத்தி ஏற்றுவாள். ஏற்றிய விரலைச் சேலையில் துடைத்தால் கறை அப்படியே நிற்கும், சோப்பு போட்டாலும் போகாது. அதனால்தான் அந்த டப்பியைக் கண்ட எவருக்கும் லீவர் கதை உடனே புரிந்தது. நெற்றியில் இருப்பது விரலுக்கு வரும், விரலில் இருப்பது பந்துக்குப் போகும். வேண்டுமென்றே செய்தாரா, தானாகப் போனதா என்பதுதான் கேள்வி. எங்கள் கடையில் அந்தக் கேள்வியையே யாரும் கேட்கவில்லை, பெரியப்பாவைத் தவிர.

அவர் கேட்டது எளிமையாக இருந்தது. "டெல்லில எடுத்தானே ஏழு விக்கெட்டு, அப்ப நெத்தில பட்டை இருந்திச்சா?"

1976 டிசம்பரில் டெல்லியில்தான் லீவருக்கு முதல் டெஸ்ட். 46 ரன்னுக்கு ஏழு விக்கெட், ஆட்டம் முடியும்போது மொத்தம் பத்து. பேட்டைப் பிடித்தும் 53 அடித்தார். அங்கே முதல் பந்து வடிவம் கெட்டுப்போய் வேறு பந்து மாற்றினார்கள். மாற்றிய பந்துதான் காற்றில் அப்படி வளைந்தது. கிரிக்கெட் பந்து வளைவதன் சூட்சுமம் அதன் இரண்டு கன்னங்களில் இருக்கிறது. ஒன்று வழவழப்பாகவும் மற்றது சொரசொரப்பாகவும் இருந்தால், காற்று இரு பக்கமும் ஒரே மாதிரி ஒட்டி ஓடாமல் ஒரு பக்கம் முந்திப் பிரிந்துவிடும். பந்து ஒருபுறமாகச் சாயும். தையலை எந்தக் கோணத்தில் பிடிக்கிறோம் என்பதும் சேரும். வழவழப்பைக் காப்பாற்ற வியர்வையும் கால்சட்டையில் தேய்ப்பதும் போதும், சட்டம் அனுமதித்தது அவ்வளவுதான். எச்சிலும் அப்போது சேர்த்தி. 2020இல் கொரோனா வந்ததும் அதை நிறுத்தினார்கள், 2022இல் நிரந்தரமாகவே தடை செய்தார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து பூசும் எதற்கும் அன்றும் இன்றும் அனுமதி கிடையாது.

பெரியப்பா கேட்டதற்கு டெல்லியிலும் ஏதோ நடந்திருக்கும் என்று பதில் வந்தது. டெல்லியிலிருந்தே சந்தேகம் இருந்ததாகப் பேடியும் சொல்லியிருந்தார். அதுவே எங்களுக்குப் போதுமான சாட்சி.

நடுவர் ரூபனைப் பற்றி அன்று எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பம்பாய் போலீஸில் கைரேகை நிபுணராக இருந்தவர் என்று பிற்பாடு படித்தேன். பிசுக்கு படிந்த துணி, எத்தனையோ கைகள் மாறுகிற பந்து, அதைக் கண்டுபிடித்தவர் கைரேகை பார்ப்பவர். எந்தப் பக்கமும் சாயாமல், கையில் கிடைத்ததை எடுத்து முறைப்படி மேலே சொன்னார். அந்த விவகாரத்தில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் அவர்தான்.

ஆட்டம் எப்படியும் கையை விட்டுப் போயிற்று. இங்கிலாந்து 262, நாம் 164. அவர்கள் மறுபடி ஒன்பது விக்கெட்டுக்கு 185 எடுத்து டிக்ளேர் செய்தார்கள். நாம் 83க்குச் சுருண்டோம். 200 ரன் தோல்வி, தொடரும் போயிற்று. ஆட்டம் நடந்த ஜனவரி 18ஆம் தேதிதான் இந்திரா காந்தி தேர்தல் அறிவித்தார். நெருக்கடி நிலை காலம். மாநிலத்தில் ஓராண்டாக ஆட்சி கலைந்து கிடந்தது. அன்று சாயங்காலச் செய்தியில் வேறெது வந்தாலும் ஊர் அதைத்தான் பேசியிருக்க வேண்டும். எங்கள் பெஞ்சிலோ பேச்சு பாதி தேர்தல், பாதி வாசலின். சத்தமாக எதையும் பேசப் பயந்துகொண்டிருந்த ஜனங்கள் லீவரை மட்டும் தாராளமாகத் திட்டினார்கள். தடையில்லாமல் குரல் உயர்த்த அந்த வருஷம் கிடைத்த விஷயம் அது ஒன்றுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

கோபத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. எங்கள் கரையில் ஏமாற்று என்றால் அது ஆளைவிட முதலில் கருவியில்தான் இருக்கும். உப்பைக் கூடையில் அளந்த காலத்தில் கூடையின் அடிப்பக்கம் பெருத்திருக்கும். தராசு வந்தபின் தட்டுக்கு அடியில் புளி உருண்டை ஒட்டியிருக்கும். ஒருமுறை எடைக்கு வந்த ஒரு வியாபாரியின் தட்டை அத்தை ஒருத்தி சட்டென்று கவிழ்த்துக் காட்டினாள். எலுமிச்சை அளவு புளி, காய்ந்து கறுத்து, தட்டின் நிறத்திலேயே இருந்தது. வியாபாரி அசரவில்லை, "பழைய தராசும்மா, எப்பவோ ஒட்டுனது" என்றான். எப்போது ஒட்டியது, யார் ஒட்டியது என்று யாரால் நிரூபிக்க முடியும்? அன்றைக்கு எடை பழையபடிதான் போடப்பட்டது. லீவரின் நெற்றிப் பட்டை எங்களுக்கு அந்தப் புளி உருண்டையாகவே தெரிந்தது. தட்டைக் கவிழ்த்தவளைத்தான் அடுத்த பருவத்தில் வேலைக்குக் கூப்பிடாமல் விட்டார்கள்.

பேடிக்கும் அதே கதிதான். பந்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். வாசலின் இருந்ததை இங்கிலாந்தே மறுக்கவில்லை. நோக்கம் என்ன என்று மட்டும் இங்கே யாரும் முடிவு சொல்லவில்லை. நம் வாரியம் விஷயத்தை லண்டனுக்குத் தள்ளிவிட்டது, அங்கே லீவர் சொன்ன விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். தோற்றவன் புலம்புகிறான் என்று எழுதினார்கள். அடுத்து பெங்களூரில் பேடியின் அணி ஜெயித்தபோதும் அந்தப் பேச்சு மாறவில்லை. அந்த வருஷமே நார்தாம்ப்டன்ஷயர் கவுண்டி அவரோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. லீவர் ஆடிக்கொண்டே இருந்தார். 1986இல் லீட்ஸில் நமக்கு எதிராக அவரை மறுபடி கூட்டிவந்தார்கள். 279 ரன்னில் நாம் ஜெயித்தோம். அன்று எங்கள் கடைக்காரர் எல்லோருக்கும் டீ கொடுத்துக் காசு வாங்கவில்லை. ஒன்பது வருஷம் அந்தக் கணக்கைச் சுமந்திருக்கிறார்.

பிற்பாடு இதே மாதிரி விஷயம் எத்தனையோ வந்துபோயிற்று. 2001 நவம்பரில் போர்ட் எலிசபெத்தில் சச்சின் பந்தின் தையலை நகத்தால் சுரண்டினார் என்று ரெஃப்ரி மைக் டென்னஸ் தண்டித்தபோது, பாராளுமன்றமே கொதித்தது. பந்தில் ஒட்டிய மண்ணைச் சுத்தம் செய்தாராம், அதை நடுவரிடம் சொல்லாமல் செய்ததுதான் தப்பாம். அந்த விளக்கம் எனக்கு நம்பும்படியாகவே இருந்தது. லீவரின் விளக்கமும் அதைவிட மோசமானதில்லை. ஒன்றை நம்பி ஒன்றைத் தள்ளினோம், காரணம் இருவரில் ஒருவர் சச்சின். 2004 ஜனவரியில் பிரிஸ்பேனில் வாயிலிருந்த மிட்டாய்ச் சாறு பந்தில் பட்டதற்காகத் திராவிடுக்குப் பாதிச் சம்பளம் அபராதம் போட்டார்கள். திராவிடா, ஒருக்காலும் இருக்காது என்றது ஊர். 2018 மார்ச்சில் கேப்டவுனில் ஆஸ்திரேலியாவின் பேன்கிராஃப்ட் உப்புத்தாளைக் கால்சட்டைக்குள் திணித்ததை கேமரா காட்டியதும், ஊர் முழுக்கச் சிரிப்பு. ஸ்மித்தும் வார்னரும் ஒரு வருஷம் வெளியே. அதே வருஷம்தான் சென்னை சூப்பர் கிங்ஸ் சூதாட்ட விவகாரத்தில் இரண்டு வருஷத் தடை முடிந்து திரும்பி வந்தது. மரக்காணத்துப் பையன்கள் மஞ்சள் சட்டையில் ஈசிஆரில் பைக் ஊர்வலம் போனார்கள். தடை போட்டது லோதா குழு என்று ஞாபகப்படுத்தினால், "அது சதி மாமா" என்று ஒரே வார்த்தை.

அமெரிக்காவிலும் இப்படித்தான். 2015இல் அவர்கள் ஊர் ஃபுட்பாலில் நியூ இங்கிலாந்து அணி பந்தின் காற்றைக் குறைத்து வைத்தது என்று வழக்கு. குளிரில் காற்றழுத்தம் தானாகவே குறையும் என்று ஒரு கட்சி. எல்லாம் அந்த அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் டாம் பிரேடிக்குத் தெரிந்துதான் நடந்தது என்று மறு கட்சி. பௌதிகப் பேராசிரியர்களும் வக்கீல்களும் மாசக்கணக்கில் வாதாடினார்கள். பிரேடிக்கு நாலு ஆட்டத் தடை. அங்கே வாதாடியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டாலே எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது முரளிதரன் விவகாரம். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். நடுவர் டாரல் ஹேர், முரளி பந்தை எறிகிறார் என்று நோபால் சொல்லிக்கொண்டே இருந்தார். கண்டித் தமிழர், அப்புறம் சென்னையில் பெண் எடுத்தவர், சென்னை அணிக்கும் ஆடியவர். எங்கள் ஊர் கொந்தளிக்கக் கேட்பானேன். பிறவியிலேயே முழுசாக நீட்ட முடியாத முழங்கை என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார்கள். 15 டிகிரிவரை மடங்கலாம் என்று விதியே மாறியது. அதற்குப் பிறகும் விடாமல், அது எறிதான், குண்டெறிதல்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் யார் தெரியுமா? பேடி. எங்கள் பேடி. 77இல் தோளில் தூக்கிவைத்த ஆளை அதே பெஞ்சு வைது தீர்த்தது. துண்டு கட்டிய மாமா அப்போது கிழவர். "சர்தாருக்கு வயித்தெரிச்சல்டா" என்றார். சேப்பாக்கத்தில் கேட்டது மட்டும் வயிற்றெரிச்சல் இல்லையா என்று பெரியப்பா கேட்டார். ரெண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

முரளியின் கையைப் பற்றிப் பேடி சொன்னதை நான் ஏற்கவில்லை. அளந்து பார்த்த பிறகும் அதையே சொன்னது முரளிக்குச் செய்த அநியாயம். 800 விக்கெட் எடுத்தவருக்கு அப்படி ஒரு பட்டம் ஒட்டவிட்டிருக்கக் கூடாது. ஆனால் பேடியைப் பொறாமைக்காரர் என்று தள்ளவும் எனக்கு மனசு வரவில்லை. எதிராளியோ ஆசியாக்காரனோ, தன் கண்ணுக்குத் தப்பாகப் பட்டதை உரக்கச் சொல்கிற மனிதர் அவர். சேப்பாக்கத்தில் சொன்னபோது ஒப்பந்தம் போயிற்று, முரளி விஷயத்தில் சொன்னபோது நம் ஜனங்களின் அன்பு போயிற்று. ரெண்டு தடவையும் வாயை மூடியிருந்தால் அவருக்கு லாபம்.

2023 அக்டோபரில் பேடி காலமான செய்தி வந்த அன்று எடைமேடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் எடைமேடை, சிவப்பு எண் மின்னும், புளிக்கு இடமில்லை. போனில் படத்தைப் பார்த்த ஒரு பையன், "இவருதான முரளிய வைதவரு?" என்றான். பக்கத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஒரு ஆயா ஊசியை நிறுத்தாமல், "வெள்ளக்காரன் எண்ணெயப் புடிச்சவருடா" என்றாள். "எண்ணெயப் புடிச்சது அம்பயருதான?" என்று லாரிக்காரர் ஒருவர் இடைமறித்தார். டெல்லியில் பட்டை இருந்ததா என்று நான் கேட்டேன். மூட்டை ஏற்றுவதை நிறுத்திவிட்டு நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.