யான் செய்த சிறு மேசை

எங்கள் இல்லம் அம்பத்தூரில் உள்ளது. அதன் கொல்லையில் என் தந்தையார் நட்டு வளர்த்த வேப்பமரம் ஒன்று நின்றது. 2016ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் ‘வர்தா’ என்னும் புயல் சென்னையைத் தாக்கியபோது, நகரெங்கும் வீழ்ந்த ஆயிரக்கணக்கான மரங்களோடு அதுவும் வேரொடு சாய்ந்தது. அதனை விறகுக்கு விற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அடிமரத்தை மரம் அறுக்கும் ஆலைக்கு அனுப்பிப் பலகைகளாக்கிக் கொணர்ந்தேன். ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்றிருந்த காலம் அது. காலையில் காப்பி அருந்துங்கால் எதிரே இட்டுக்கொள்ள ஒரு சிறு மேசையை என் கையாலேயே செய்வதென்று துணிந்தேன். உளியும் இழைப்புளியும் எனக்குச் சொற்களாகத் தெரியும், கருவிகளாகத் தெரியா.

ஆதலின், திருமுல்லைவாயிலில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை நாடிச் சென்றேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்று, “வாருங்கள், ஐயா” என்றார். என் பழைய மாணவர்! முப்பதாண்டுகளுக்கு முந்தைய ஒரு வகுப்பு என் நினைவுக்கு வந்தது. வந்த காரியத்தைச் சொல்ல நா எழவில்லை.

அன்று யான் நடத்தியது புறநானூற்றில் உள்ள ஒளவையார் பாட்டு ஒன்று. பரிசில் தரக் காலந்தாழ்த்திய அதியமானின் வாயிற்காவலனை நோக்கி அவர் பாடியது. தச்சனுடைய கைவல்ல சிறுவர் மழுவோடு காட்டிற்குட் புகுந்தால் அவர்களுக்கு மரம் கிடையாமற் போகுமா? அது போலவே புலவர்க்கும் எத்திசைச் சென்றாலும் சோறு உண்டு என்பது அதன் கருத்து. அப்பாட்டை ஒப்புவிக்க இயலாது விழித்து நின்ற சிறுவனை நோக்கி, “நீ இழைப்புளி தள்ளத்தான் தகுவாய்” என்றேன். வகுப்பு முழுவதும் நகைத்தது. புலவரையும் தச்சரையும் நிகராக வைத்த பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே அதனைச் சொன்னேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அவர் என் பலகைகளைத் தட்டிப் பார்த்தார். “உடனே தொடாதீர்கள், ஐயா. ஓரங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்பது எங்கள் கணக்கு” என்றார். பலகைகளுக்கிடையே சிறு குச்சிகளை வைத்துக் காற்றோட்டமாக நிழலில் அடுக்கினோம். முனைகள் விரைந்து உலர்ந்து வெடிக்கும் என்பதனால் அவற்றிற்கு மட்டும் வண்ணம் பூசினோம்.

2018ஆம் ஆண்டு ஐப்பசியில் வேலையைத் தொடங்கினேன். வேம்பு கறையானுக்கு எளிதில் இரையாகாத மரம். ஆயினும் புதியவன் கைக்கு இணங்கும் மரமன்று. நார் ஓடும் திசையறிந்து இழைக்க வேண்டும் என்பர். வேம்பிலோ அந்நார் ஓரிடத்தில் ஒரு புறமும், நான்கு விரல் தள்ளி மறு புறமுமாக ஓடும். இழைப்புளி சிக்கிச் சிக்கிச் செதிள் பெயர்த்தது. ஒரு காலை இழைத்து முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயின. உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள் எழுந்தன. கால்கள் நான்கு, அவற்றை இணைக்கும் சட்டங்கள் நான்கு. சட்டத்தின் முனையை நாக்குப்போற் செதுக்கிக் காலில் குடைந்த துளையிற் செருக வேண்டும். அவ்வாறு எட்டு இணைப்புகள்! எட்டாவது தளர்ந்துபோகவே, யாரும் அறியாமல் ஒரு மரச்சீவலைச் செருகி இறுக்கினேன்.

மேற்பலகையைப் பொருத்தும்போது அவரைக் கேளாமலே சுற்றிலும் நெருக்கமாக ஆணி அறைந்துவிட்டேன். மேசை மிக உறுதியாக நின்றது. பங்குனித் திங்களில் ஒரு நள்ளிரவில் ‘படீர்’ என்னும் ஓசை கேட்டு விழித்தேன். பலகை நெடுக வெடித்திருந்தது.

அவர் வந்து பார்த்தார்; நகைக்கவில்லை. “மரம் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடிக்கும், ஐயா, கோடையில் அதனை விட்டுவிடும். நீளம் அவ்வளவாக மாறாது. அகலம் பருக்கும், சுருங்கும். நீங்கள் அதனை அசையவொட்டாமல் பிணித்துவிட்டீர்கள்” என்றார். ஆணிகளைப் பிடுங்கினோம். வெடித்த பலகையைப் பிளந்து, விளிம்புகளை இழைத்து, பசையிட்டு மீண்டும் சேர்த்தோம். அடியிலிருந்து திருகாணி பூட்டினோம். சட்டத்தில் திருகாணி நுழையும் துளைகளை வட்டமாக இடாமல் நீளவாட்டில் இட்டோம். பலகை சுருங்கும்போது திருகாணியும் உடன் நகர வேண்டுமே!

உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கையில், “அன்று வகுப்பில் யான் சொன்னது நினைவிருக்கிறதா?” என்று கேட்டேன்.

“இருக்கிறது, ஐயா.”

“அது என் பிழை, தம்பி.”

அவர் மறுமொழி கூறவில்லை. சிறிது நேரம் தேய்த்தார், பிறகு பலகையைத் தூக்கிப் பிடித்து, “இந்த மூலையில் இன்னும் சொரசொரப்பு இருக்கிறது. நீங்கள் தேயுங்கள்” என்று தாளை என்னிடம் நீட்டினார்.

அரக்கைச் சாராயத்திற் கரைத்துத் துணியில் தோய்த்து ஐந்து முறை பூசினோம். வேம்பின் செந்நிறம் மேலெழுந்தது. சூடான பாத்திரத்தை நேரே வைத்தால் அரக்கில் வெண்வட்டம் விழும் என்று அவர் எச்சரித்தார். முதல் நாள் இருவருமாகக் காப்பி அருந்தினோம். அவர் தம் டம்ளரை டபராவோடு வைத்தார். யான் பேச்சு வாக்கில் மறந்து நேரே வைத்துவிட்டேன். அவ்வட்டம் மேசையின் மேல் இன்றும் இருக்கிறது.