வாசலில் நடந்த ஆபரேஷன்

எங்கள் அம்பாஸடர் கார் என் மாமனார் 1986-ல் ஆசை ஆசையாக வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகும் அதை விற்க இவருக்கு மனசு வரவில்லை. போன தை மாசம் வண்டியின் பின்பக்கத்திலிருந்து 'ஊ...ஊ' என்று ஒரு ஊளை. "டிஃபரென்ஷியல் போச்சு" என்றார். இந்த வண்டி தயாரிப்பதையே 2014-ல் நிறுத்திவிட்டார்கள். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கும் தொழிலை விட்டாச்சு. "நானும் பையனுமே மாற்றிடறோம்" என்று இறங்கிவிட்டார்.

அது என்ன சாமான் என்று நானும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு கோயில் பிராகாரம் சுற்றுகிறோம் இல்லையா? திருப்பத்தில் உள்பக்கம் வரும் குழந்தைக்குக் கொஞ்ச தூரம்தான்; வெளிப்பக்கம் வரும் நாம்தான் எட்டிப் போட வேண்டும். பின்சக்கரங்களுக்கும் அப்படித்தான். இரண்டும் அவரவர் வேகத்தில் சுற்ற வழிவிடும் பல்சக்கரக் கூட்டம் இது.

புதுப்பேட்டையில் பழைய சாமான் கடையில், பல் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஒன்று வாங்கி வந்தார்கள். அம்மிக்கல் கனம்!

முதல் நாளே விபரீதம். ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கிச் செங்கல் அடுக்கியிருந்தார்கள். "என்னங்க, இது நிற்குமா?" என்றேன். "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன், நீ உள்ளே போ" என்றார். பாதி வேலையில் ஸ்பேனர் எடுக்க இவர் வெளியே வந்த நேரம், வண்டி மெல்ல முன்னால் நகர்ந்தது. செங்கல் சரிந்து 'தொம்'மென்று இறங்கியது. இவர் படுத்திருந்த சாக்கு வண்டிக்கு அடியில்! பையன் முகம் வெளிறிவிட்டது. அன்றைக்கு ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்குமாம். அவைதான் அந்தரத்தில் நிற்கின்றனவே! மறுநாள் முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, இரண்டு இரும்பு ஸ்டாண்டு வாங்கி வந்து நிறுத்தின பிறகுதான் அடியில் போக விட்டேன். வாய் பேசாமல் கேட்டுக்கொண்டார்!

ஆயிலை வடித்தால் ஜிகினாத் தூள்போல் இரும்புத் துகள் மின்னியது. சக்கரங்களைக் கழற்றி, இரண்டு பக்க ஆக்சில் தண்டையும் உருவி, பழையதை இறக்கவே ஒரு நாள் ஆச்சு. புதிதை மாட்டும்போது இடையில் வைக்கும் பேக்கிங் பேப்பர் கிழிந்துபோயிற்று. தடித்த பேக்கிங் ஷீட்டைப் பழைய பேக்கிங் அளவில், ரவிக்கைத் துணி வெட்டுகிற மாதிரி நானே வெட்டிக் கொடுத்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கழிவு ஆயிலை இவர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார். பேரன் பேத்தி வரும் வீடு! உடனே பழைய தகர டின்னுக்கு மாற்றி, மேலே எழுதியும் ஒட்டினேன். இவர் கைக்கறை போகத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டதில் பாதிதான் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு வரை ஓட்டிப் பார்த்தோம். ஊளை இல்லை. "பின்கதவு கடகடங்குது பாரு" என்றார் இவர். இத்தனை நாள் அது யார் காதிலும் விழவில்லை.