பெஞ்சில் ஒரே ஒரு டப்பா

ஒமாஹாவிலிருந்து நார்த் பிளாட் ஏறத்தாழ 280 மைல். பிற்பாதியில் பிளாட் ஆற்றை ஒட்டிப் போகும் ஐ-80 நெடுஞ்சாலையில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். செப்டம்பர் சனிக்கிழமை ஒன்றில் விடியும் முன்பே கிளம்பினோம். வண்டி ஓட்டியவன் என்னோடு வேலை பார்க்கும் கோவில்பட்டித் தம்பி. குடியுரிமை வாங்கிய கையோடு வேட்டை உரிமமும் எடுத்து, .308 வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்றும் வாங்கியிருந்தான். நெப்ராஸ்காவில் ரைஃபிளால் மான் வேட்டையாடும் முக்கியப் பருவம் நவம்பரில் ஒன்பது நாள்தான். அவனுக்கு மானைவிடக் குறி பார்த்துச் சுடுவதில்தான் ஆசை. வாரந்தோறும் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுவிட்டு, கீழே விழும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து சேர்த்து வைத்திருந்தான். அவற்றில் வீட்டிலேயே மறுபடி தோட்டா கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவன் திட்டம்.

இங்கே ரீலோடிங் என்கிறார்கள். எங்கள் பேச்சில் அது தோட்டா கட்டுவது. அவன் ஊர்ப் பக்கம் வெடி கட்டுவது என்று சொல்வதைப்போல. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் இதைச் செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குக் கட்டிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்கிற தொழிலுக்குத்தான் தேவை.

"அக்கா, நீங்க லேத் பட்டறை வீட்டுப் பிள்ளை. சாமானைக் கையில எடுத்தாலே தரம் சொல்லிருவீங்க. கூட வாங்க" என்று கூப்பிட்டான். அப்பா கோவை கணபதியில் இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்துப் பிழைத்தவர். அந்தப் பட்டறையின் எண்ணெய் வாசனையை மறுபடி முகரக் கிடைக்குமென்றால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவேன்.

நாங்கள் பார்க்கப் போன பெரியவர், நார்த் பிளாட்டில் யூனியன் பசிபிக் ரயில்வேயின் டீசல் எஞ்சின் பட்டறையில் மெஷினிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டுகளில் உலகத்திலேயே பெரியதான பெய்லி யார்டு அந்த ஊரில்தான் இருக்கிறது. கார் நிறுத்தும் கொட்டகையின் பின்சுவரில் அவருடைய பெஞ்சு. தம்பி கையோடு கொண்டுவந்த பட்டியலை நீட்டினான். கடைக்காரர் எழுதிக் கொடுத்த இருபத்து மூன்று சாமான்கள். முதல் வரியில், கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா முடிந்து விழும் ஐந்து நிலையப் பிரஸ்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பட்டியலை முழுதும் படித்தார். அவர் கேட்ட முதல் கேள்வி பட்டியலிலேயே இல்லாதது. "உங்கள் பெஞ்சு ஆடுமா?"

தம்பி சாப்பாட்டு மேசையைச் சொன்னான். அவர் தலையை ஆட்டினார். பித்தளைக் கூட்டை டை என்னும் அச்சுக்குள் இறக்கி எடுக்கும்போது கைப்பிடியில் நல்ல பாரம் விழும். மேசை அசைந்தால், கையில் தெரிய வேண்டிய பிடிமானமும் உராய்வும் அந்த அசைவில் கலந்து மறைந்துபோகும். அவருடைய பெஞ்சின் பலகை மூன்று அங்குலக் கனம், சுவரோடு போல்ட் போட்டது. நான் இடுப்பால் முட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அப்பா லேத்துக்குக் கான்கிரீட் போட்ட நாளில் எங்களை யாரையும் கிட்டே விடாதது ஞாபகம் வந்தது.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்ததற்குக் காரணம், அவருடைய அப்பா விட்டுப்போன .257 ராபர்ட்ஸ் ரைஃபிள். 1934இல் ரெமிங்டன் கம்பெனி கடைக்குக் கொண்டுவந்த தோட்டா அது. நல்ல தோட்டா, இன்று பல கடைகளில் கிடைப்பதில்லை. அப்பாவின் துப்பாக்கி சுவரில் தொங்கும் பொருளாகிவிடக் கூடாதென்றால் தோட்டாவைத் தானே கட்டியாக வேண்டும். பணம் மிச்சமாகுமா என்று கேட்டோம். வருஷத்துக்கு ஒரு பெட்டி சுடுகிறவர் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், வாராவாரம் சுடுகிறவருக்கும் தன்னுடையதைப்போல அரிதான ரைஃபிள் வைத்திருப்பவருக்கும்தான் இது கட்டுப்படியாகும் என்றார். கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது.

இந்தக் கைத்தொழில் அமெரிக்க வீடுகளுக்குள் பரவியதிலும் தட்டுப்பாட்டுக்குப் பங்குண்டு. போர் நடந்த 1943இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹண்டிங்டன் ரவையை அழுத்தி உருவாக்கும் டைகளைச் செய்யத் தொடங்கினார். ஆர்சிபிஎஸ் கம்பெனி அதிலிருந்து வந்தது. போர் முடிந்ததும், ராணுவத்தில் மிஞ்சிய வெடிமருந்தை வாங்கிக் கான்சாஸிலிருந்து விற்றார் புரூஸ் ஹாட்ஜ்டன். காலையில் நாங்கள் கடந்துவந்த கிராண்ட் ஐலண்டில் ஜாய்ஸ் ஹார்னடி ரவை செய்ய ஆரம்பித்தது 1949இல். கிடைத்ததை வைத்துச் செய்து பழகிய கைகள் அவை.

பட்டியலுக்குத் திரும்பினார். ஐந்து நிலையப் பிரஸ்ஸைப் பென்சிலால் அடித்தார். அதன் இடத்தில் ஒரு டை மட்டும் பிடிக்கும் வார்ப்பிரும்புப் பிரஸ் என்று எழுதினார். ஐந்து வேலையும் ஒரே இழுப்பில் நடக்கும்போது புதியவன் கண் எதைப் பார்க்கும்? ஒன்றைப் பார்த்தால் நாலு தப்பும். ஒற்றைப் பிரஸ்ஸில் ஐம்பது கூட்டுக்கும் முதல் வேலையை முடித்து, டையைக் கழற்றி, அடுத்ததை மாட்டி, மறுபடி ஐம்பது. ஒவ்வொரு கூடும் பல தடவை விரல் வழியாகப் போகிறது. மெதுவாக நடப்பதுதான் இதில் பாதுகாப்பு. அவருடைய பிரஸ் ஐம்பது வருஷப் பழசு. தம்பி போன வாரம் வாங்கிய புது டை அதில் எட்டில் ஏழு அங்குலம், அங்குலத்துக்குப் பதினாலு மரை என்ற அளவில் தடங்கலில்லாமல் ஏறி உட்கார்ந்தது. வேறு வேறு கம்பெனிகள்; மரை ஒன்றே. கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. .257 ராபர்ட்ஸுக்கும் .308க்கும் அடிப்பாகம் ஒரே அளவு.

பிறகு பட்டியலில் கடைசிக்குப் பக்கத்தில் கிடந்த மூன்றைத் தூக்கி மேலே எழுதினார்: அளவுப் புத்தகம், தராசு, வெர்னியர். பிரஸ்ஸுக்கும் முன்னால். அப்பாவும் பட்டறை தொடங்க வருகிறவர்களிடம் வெர்னியரைப் பற்றித்தான் முதலில் கேட்பார். எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது.

தராசு பழைய கோல் தராசு. வெடிமருந்தும் ரவையும் கிரெய்ன் கணக்கில் நிறுக்கப்படுகின்றன. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். நம் பொற்கொல்லர்கள் வைத்து நிறுத்த குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெய்ன். இந்தத் தராசு காட்டுவதோ கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு, அதாவது குன்றிமணியில் இருபதில் ஒன்று. நான் குனிந்து மூச்சு விட்டதும் முள் விலகியது. பெரியவர் மின்விசிறியை நிறுத்தினார். மின்னணுத் தராசு வேகமானது. ஆனால் சூடேறும் முன் ஒன்றும் பின் ஒன்றும் காட்டக்கூடியது. எதை வாங்கினாலும் சரிபார்க்கும் எடைக்கல்லைச் சேர்த்து வாங்கு என்று தம்பியிடம் இரண்டு தடவை சொன்னார். புத்தகத்தில் அதிகபட்ச அளவென்று போட்டிருப்பது போய்ச் சேரும் இடம், தொடங்கும் இடம் அதற்குக் கீழே தனியாகப் போட்டிருக்கும், அங்கேதான் தொடங்க வேண்டும் என்றார்.

மதியத்துக்குப் பிறகு கூடுகளைப் பார்த்தோம். வெடிக்கும்போது பித்தளை விரிந்து துப்பாக்கியின் அறைச்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. டை அதைப் பழைய அளவுக்கு அமுக்கி, மருந்தைப் பற்றவைத்து எரிந்துபோன பிரைமரையும் தட்டி வெளியே தள்ளுகிறது. கழுத்து குறுகிய ரைஃபிள் கூட்டுக்கு மசகு போடாமல் டைக்குள் இறக்கினால் கூடு மாட்டிக்கொள்ளும். பிறகு துளை போட்டுத்தான் பிடுங்க வேண்டும். மசகு டப்பா தம்பியின் பட்டியலில் இல்லவே இல்லை.

பெரியவர் என்னிடம் ஒரு கம்பியைக் கொடுத்தார். பேப்பர் கிளிப்பை நீட்டி, நுனியைக் கொக்கிபோல் வளைத்துக் கூராக்கியது. அதைக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி உட்சுவரில் இழுத்துப் பார்க்கச் சொன்னார். முதல் இரண்டு கூடுகளிலும் கம்பி வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்றாவதில், அடியிலிருந்து சுமார் அரை அங்குலத்தில் நுனி எதிலோ இடறியது. வெளியே பார்த்தால் அதே இடத்தில் மயிரிழை அகலத்துக்கு ஒரு வெளிர் வளையம். கூட்டின் கழுத்துக்குக் கீழே சரியும் தோளை அளவுக்கு மீறி அமுக்கிவிட்டால், அடுத்த வெடியில் அது முன்னால் நீண்டு அந்த இடத்தில் சுவர் மெலிந்துபோகும். இன்னும் ஒன்றிரண்டு தடவையில் கூடு துப்பாக்கிக்குள்ளேயே இரண்டாகப் பிரியும். சுடச் சுட எரியும் வாயு சுடுகிறவர் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில். அந்தக் கூட்டை அவர் குறடால் நசுக்கிக் குப்பையில் போட்டார். காசு கொடுத்து வாங்க வேண்டியிராத அந்தக் கம்பியை எந்தக் கடையும் பட்டியலில் எழுதாது. என்னைக் கேட்டால், அன்று அந்தக் கொட்டகையில் நான் பார்த்த சாமான்களில் மேலானது அதுதான்.

பிரைமர் தீபாவளிப் பொட்டு வெடியின் தம்பி, அடித்தால் தீப்பொறி. கையால் அழுத்திப் பதிக்கும் கருவியைத்தான் அவர் விரும்புகிறார். பிரைமர் போய் அடியில் உட்காருவது விரலுக்குத் தெரியும். எரிந்த பிரைமர்களில் ஈயக் கசடு இருப்பதால் பெஞ்சில் இருக்கும்போது எதுவும் சாப்பிடுவதில்லை; வீட்டுக்குள் போகும் முன் கையைத் தேய்த்துக் கழுவுகிறார். கட்டி முடித்த ஒவ்வொரு பெட்டியிலும் தேதி, வெடிமருந்தின் பெயர், எடை, ரவை எழுதி ஒட்டியிருக்கிறது. தான் கட்டிய தோட்டாவை மகனுக்குக்கூடக் கொடுத்ததில்லை. அடுத்தவர் கட்டியதைச் சுட்டதும் இல்லை.

வெடிமருந்து அலமாரி தனியாக, பிரஸ்ஸிலிருந்து எட்டடி தள்ளி. வேலை தொடங்கும்போது அதிலிருந்து ஒரே ஒரு டப்பாவை எடுத்து வருவார். அது அலமாரிக்குத் திரும்பாமல் இன்னொன்று பெஞ்சுக்கு வராது. பல வெடிமருந்துகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். எரியும் வேகம்தான் வேறு. மெதுவாக எரிய வேண்டிய இடத்தில் வேகமாக எரிவது போனால் ரைஃபிள் கையிலேயே வெடிக்கலாம்.

சாயங்காலம் தம்பியை உட்காரவைத்தார். ஐந்தே கூடு. அளவு குறைந்த தொடக்க எடை. துளை போட்ட மரக்கட்டையில் கூடுகளை வாய் மேலாக நிறுத்தியதும் தம்பி, "தீப்பெட்டி ஆபீஸ்ல அம்மா குச்சி அடுக்குற சட்டம் மாதிரியே இருக்குக்கா" என்றான். நிறுத்து, புனலில் கொட்டி, அடுத்ததற்குப் போனான். மூன்றாவதை நிறுத்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு உடனே வைத்துவிட்டான். பத்து விநாடிகூட இருக்காது.

நான்காவதைக் கொட்டும்போது கை நின்றது. "மூணாவதை நிறுத்தேனாக்கா? இல்ல அப்படியே கொட்டிட்டேனா?"

பெரியவர் டார்ச்சை எடுத்து, கட்டையின் மேல் சாய்த்துப் பிடித்தார். நாலு கூட்டிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிந்தது. "எல்லாம் சரியாத்தான் தெரியுது" என்றான் தம்பி. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் 280 மைல் பாக்கி.

பெரியவர் ஒன்றும் சொல்லாமல் நாலு கூட்டையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டி, மருந்தைப் பெஞ்சிலிருந்த டப்பாவிலேயே திரும்பக் கொட்டினார். எந்த டப்பா என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தம்பி போனை அணைத்து என்னிடம் கொடுத்தான். முதல் கூட்டுக்கான மருந்து தராசுத் தட்டில் விழுந்தது. முள் ஆடி நிற்கும்வரை மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.