இருவர் கடந்த கடல்

நெடுந்தொலைவு வான்பயணம் என்றவுடன் உலகம் சார்லஸ் லிண்ட்பெர்க்கையே நினைவுகூர்கிறது. 1927ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை 33 மணி நேரத்திற்கும் மேலாகத் தனியொருவராய்ப் பறந்த அவ்வீரரின் புகழைக் குறைக்க நாம் விரும்பவில்லை. ஆயினும், அவருக்கு எட்டாண்டுகள் முன்னரே அட்லாண்டிக் பெருங்கடலை இடைநில்லாது பறந்து கடந்த இருவரையே நம் உள்ளம் மீண்டும் மீண்டும் நாடுகிறது.

ஜான் ஆல்காக் விமானம் செலுத்தியவர். ஆர்தர் விட்டன் பிரவுன் திசை கணித்தவர். முதல் உலகப் போரில் முன்னவர் துருக்கியரிடமும், பின்னவர் ஜெர்மானியரிடமும் சிறைப்பட்டு மீண்டவர்கள். போரில் பட்ட காயத்தால் பிரவுனின் ஒரு கால் ஊனமுற்றிருந்தது. 1919 ஜூன் 14 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து 'விக்கர்ஸ் விமி' விமானத்தில் இருவரும் புறப்பட்டனர்.

சற்று நேரத்திலேயே கம்பியில்லாத் தந்திக் கருவி பழுதாயிற்று. எஞ்சினின் புகைக்குழாய் பிளந்து பேரிரைச்சல் எழுந்தது. அருகருகே அமர்ந்திருந்தும் ஒருவர் குரல் மற்றவர் செவிக்கு எட்டவில்லை. பிரவுன் தாளில் எழுதிக் காட்டினார். ஆல்காக் அவ்வண்ணமே செலுத்தினார். நள்ளிரவில் மேகம் விலகிய சிறுபொழுதில் பிரவுன் விண்மீன்களை நோக்கி இருப்பிடத்தைக் கணித்தார். மேகத்துள் நிலைதடுமாறிச் சுழன்று வீழ்ந்த விமானத்தை, அலைகளுக்குச் சற்று மேலே ஆல்காக் மீட்டெடுத்தார். ஏறத்தாழ 16 மணி நேரத்தில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து, அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே இறங்கினர். பசும்புல்வெளி என அவர்கள் எண்ணிய இடம் சதுப்பு நிலம்! விமானத்தின் மூக்கு சேற்றில் புதைந்தது. இருவரும் நலமே வெளிவந்தனர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இருவருக்குமே 'சர்' பட்டம் அளித்தார்.

சற்றே சிந்திப்போம். வழியறிந்தவர் கையில் செலுத்துகோல் இல்லை. செலுத்துகோல் பிடித்தவருக்கு வழி தெரியாது. ஒருவர் எழுதியதை மற்றவர் ஐயுற்றிருந்தால் இருவரையும் கடல் கொண்டிருக்கும். இவர்களுள் பெரியவர் யார் என்னும் கேள்வி அட்லாண்டிக்கின் மேல் எழவில்லை. நம் இல்லங்களிலோ அது நாள்தோறும் எழுகிறது.

அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று, பாரிஸ் கண்காட்சிக்கெனப் புதிய விமானமொன்றைத் தனியே ஓட்டிச் சென்ற ஆல்காக், பிரான்சின் ரூவான் நகருக்கு அருகே மூடுபனியில் வீழ்ந்து உயிர்நீத்தார். அவருக்கு வயது 27. பிரவுன் உடனிருந்தால் பிழைத்திருப்பார் என்று கூற நமக்கு உரிமையில்லை. ஆயினும், அன்று அவரருகில் தாளெழுதி நீட்ட ஒருவரும் இல்லை என்பதை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் கனக்கிறது.